புதிய ஆசிரியருக்குத் துணை நிற்பது எப்படி: வடசென்னைப் பள்ளிகளின் மூத்த ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியருக்காக எழுதியதில்லை. அவருக்கு அடுத்த வகுப்பில் பத்து இருபது வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் உங்களுக்காக எழுதியது. "புதிதாக ஒரு டீச்சர் வருகிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எதைப் பார்த்துக்கொள்வது, எந்த வரிசையில் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். இதுவரை 11 பேருக்கு இப்படித் துணையாக இருந்திருக்கிறேன். முதலில் வந்த மூன்று பேருக்கு நான் செய்தது உபத்திரவம்தான். வகுப்பில் வாயைத் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவரை உட்காரவைத்து, பாடக்குறிப்பில் கற்றல் விளைவு சரியாக எழுதவில்லை என்று திருத்திக்கொண்டிருந்தேன். வரிசை தலைகீழாக இருந்தது. ஒரு நாளைத் தடுமாறாமல் ஓட்டுவது முதலில். வகுப்பைக் கையில் பிடிப்பது அடுத்து. பாடம் நடத்தும் நயம் அதற்கும் பிறகு. கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

பி.எட். படிப்பிலேயே 20 வாரம் பள்ளிப் பயிற்சி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த 20 வாரமும் வகுப்பு வேறொருவருடையது. அந்த வகுப்பாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார். பிள்ளைகள் அவருக்குப் பயந்து அமைதியாக இருந்ததைத் தன் திறமை என்று நம்பிக்கொண்டு புதியவர் நம்மிடம் வருகிறார். ஜூன் மாதம் முடிவதற்குள் அந்த நம்பிக்கை உடைந்துவிடுகிறது.

தொடங்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

தலைமையாசிரியரிடம் இரண்டு கேளுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை உங்கள் இருவருக்கும் ஒன்றாக ஓய்வு இருக்க வேண்டும். அந்த நேரத்தில், வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் பதிலி வகுப்புக்கு இருவரையும் அனுப்பக்கூடாது. கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது, மே கடைசியிலேயே கேட்டுவிடுங்கள். இது கிடைக்காவிட்டால் மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே பேசுவதுதான் மிஞ்சும்.

இரண்டாவது, யாரும் வேண்டாமென்று தள்ளிய பிரிவைப் புதியவரிடம் கொடுக்காமல் இருப்பது. பல பள்ளிகளில் நடப்பது தெரிந்ததுதான். அடங்காத பிரிவு, மதியம் கடைசிப் பாடவேளை, மாடியில் வெயில் இறங்கும் அறை, மூன்றும் சேர்ந்து புதியவர் தலையில் விழும். இதைப் பேசித் தடுங்கள். ஆசிரியர் அறையில் உங்களுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வரும். வரட்டும்.

புதியவருக்கு நீங்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். "உங்கள் வகுப்பில் நான் பார்ப்பது தலைமையாசிரியர் காதுக்குப் போகாது, பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைத் தவிர." இந்த வாக்கைத் தலைமையாசிரியர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். பின்னால் அவர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படி இருக்கிறார்?" என்று கேட்க மாட்டார்.

இவற்றோடு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. அதன் உபயோகம் பின்னால் வரும்.

1. சேர்வதற்கு முன்பே ஒரு நாள் வரச் சொல்லுங்கள்

பள்ளி திறக்கும் நாள் காலையில் எதையும் காட்ட முடியாது. அன்றைக்கு நீங்களே பெற்றோர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு நாள் முன்னதாக, பள்ளிக்கு வரும் அதே நேரத்தில், அதே வழியில் வரச் சொல்லுங்கள்.

வழியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். நிலையத்திலிருந்து பள்ளிவரை உள்ள கடைசி ஒரு கிலோமீட்டர்தான் காலை வாரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் வந்துவிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. முதல் வாரமே மூன்று நாள் தாமதமாக வந்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் வருடம் முழுவதும் போகாது.

உள்ளே வந்ததும் கழிவறைச் சாவி எங்கே தொங்குகிறது, குடிநீர் எது, சாக்பீஸ் யாரிடம் கேட்க வேண்டும், அவர் அறையில் எந்த மின்விசிறி ஓடாது, மாடியில் மணி கேட்குமா கேட்காதா என்று காட்டுங்கள். காவலாளி, துப்புரவுப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர் மூவரிடமும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும்போது உதவிக்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தான். நாம் பக்கத்து வகுப்பில் பலகைக்கு எதிரில் நின்றுகொண்டிருப்போம்.

தொடக்கப் பள்ளியாக இருந்தால் காலை உணவு எத்தனை மணிக்கு முடிகிறது, யார் பரிமாறுகிறார்கள், யார் கை கழுவ அழைத்துப் போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருக்கிறது. முதல் பாடவேளையின் போக்கை அதுதான் தீர்மானிக்கிறது.

2. பெயர்ப் பட்டியலை முன்பே கையில் கொடுங்கள்

"ஏய், மூன்றாவது பெஞ்சு, நீதான்" என்று கூப்பிட்டால் மூன்றாவது பெஞ்சு முழுக்கத் திரும்பும். நானா, நானா என்று நாலு பேர் எழுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவன் மட்டும் திரும்புவான். கட்டுப்பாட்டுக்கு இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதிக் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாக ஒரு வரைபடம் பென்சிலால் போட வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பெயர். 40 பேர் வகுப்பு நாலு நாளில் மனப்பாடமாகிவிடும். பட்டியலின் ஓரத்தில் போன வருட ஆசிரியரைக் கேட்டு மூன்று விவரம் குறியுங்கள்: கண்ணாடி போட வேண்டியவர், வலிப்பு அல்லது இளைப்பு உள்ளவர், வீட்டில் தமிழ் பேசாதவர். வடசென்னையில் தெலுங்கு, உருது பேசும் வீடுகள் நிறைய. வேலைக்காக வடக்கே இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் வருட நடுவிலும் சேர்கிறார்கள். பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளை பிடிவாதக்காரனா, கேள்வி புரியாதவனா என்று முதல் வாரத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

"இவன் மோசம்" என்று எந்தப் பெயருக்கு எதிரிலும் எழுதாதீர்கள். எழுதினால் புதியவர் அதையே தேடுவார், கண்டும் பிடிப்பார்.

3. முதல் பத்து நிமிடத்தை ஆளில்லா வகுப்பில் ஒத்திகை பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வருடம் தப்பித்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒருவரின் முதல் பாடவேளையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்ல படிப்பு, நல்ல குரல். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்த சார்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். உள்ளே வந்து வணக்கம் சொன்னதும் பலகைப் பக்கம் திரும்பி, தேதி, வகுப்பு, பாடம், தலைப்பு, வருகை, பதிவு என்று அழகாக எழுத ஆரம்பித்தார். நாலு நிமிடம் முதுகு வகுப்பைப் பார்த்திருந்தது. முதல் நிமிடம் ஒரு செருப்பு முதல் பெஞ்சிலிருந்து இரண்டாவதுக்குப் போனது. மூன்றாவது நிமிடம் அது ஜன்னலோரம் இருந்தது. அவர் திரும்பியபோது ஒருவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான், மற்ற 37 பேரும் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார்ட் அன்றைக்கு விரியவே இல்லை.

ஆகவே ஒத்திகையில் செய்ய வேண்டியது இது. பள்ளி திறப்பதற்கு முன், காலி அறையில், நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் வெளியே போய் உள்ளே வரட்டும். வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்புவதா, அவர்கள் உட்கார்ந்த பிறகு நுழைவதா என்று முதலில் முடிவு செய்யட்டும். வாசலில் நிற்பதே நல்லது. ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு நொடி பார்க்கலாம், வெளியே தொடங்கிய சண்டை உள்ளே வராது.

அடுத்தது பலகை. மணி அடிக்கும் முன்பே ஒரு கேள்வியோ ஒரு சின்னக் கணக்கோ எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்ததும் அதைச் செய்யத் தொடங்குவது தினப்படி வழக்கமாக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் வருகை எடுத்துவிடலாம். முந்தைய வகுப்பு வேறெங்கோ இருந்து எழுத நேரமில்லையென்றால், பக்கவாட்டில் நின்று பாதி வரி எழுதி, திரும்பி, மீதி வரி எழுதப் பழக்குங்கள். இதற்கு ஒரு அரைமணி நேரப் பயிற்சி போதும். பி.எட். கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

பிறகு வாய்ச்சொல். "அமைதியாக இருங்கள்" என்பது கட்டளையே இல்லை. எதைச் செய்தால் அமைதி என்று அதில் இல்லை. "பேனாவைக் கீழே வையுங்கள். என்னைப் பாருங்கள்." இப்படிக் கையும் கண்ணும் செய்யக்கூடியதைச் சொல்லப் பழக்குங்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஐந்து எண்ணிக்கைதான் கஷ்டம். புதியவர்கள் இரண்டாவதிலேயே அதே கட்டளையைத் திரும்பச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று முறை சொன்ன பிறகுதான் கேட்க வேண்டும் என்று வகுப்பு ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடும்.

பொதுவான தவறு: ஒத்திகையில் நீங்களே எழுந்து நடித்துக் காட்டுவது. உங்கள் குரலும் நடையும் 20 வருடத்தில் வந்தவை. அவர் அதைப் போட்டுக்கொண்டு போனால் பெரியவர் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி இருக்கும்.

4. பதிவேடுகளை ஒரே நாளில் கொட்டாதீர்கள்

வருகைப் பதிவேடு, எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் இணையவழித் தகவல் பதிவு) செயலியில் வருகை, பாடக்குறிப்பு, பணி முடிப்புப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, விலையில்லாப் பொருட்கள் வழங்கிய பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கொடுக்கும் விவரம். எல்லாவற்றையும் முதல் நாளே மேசையில் அடுக்கிக் காட்டினால் புதியவர் மிரண்டுவிடுவார்.

முதல் வாரம் வருகை மட்டும்: பதிவேடும் எமிஸும். இரண்டும் தினம் முடிய வேண்டியவை, பிந்தினால் மேலிருந்து போன் வரும். முதல் மூன்று நாள் அவருக்குப் பக்கத்தில் நின்று போட வையுங்கள். இணையம் வராதபோது பள்ளியில் எந்த மூலையில் நின்றால் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் பாடக்குறிப்பு. மற்றவற்றை அந்தந்தத் தேதி வரும்போது காட்டினால் போதும். அதுவரை போன வருடப் பதிவேடு ஒன்றை மாதிரிக்கு அவர் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பதிவேட்டில் வெள்ளை மை தடவுவது, மற்றவருக்காகக் கையெழுத்துப் போடுவது இரண்டும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவறினால் ஒரே கோட்டில் அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம்கூட ஆய்வில் விளக்கக் கடிதம் எழுத வைக்கும்.

5. மற்றவர் வகுப்பைப் பார்க்க அனுப்புங்கள், ஒரே ஒரு கேள்வியோடு

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினால், "ரொம்ப நன்றாக இருந்தது மேடம்" என்று திரும்பி வருவார். அதில் ஒன்றும் இல்லை.

ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள். நோட்டுகளை எப்படித் திருப்பிக் கொடுக்கிறார்? யாருக்கும் பதில் தெரியாதபோது என்ன செய்கிறார்? பேசிக்கொண்டிருக்கும் இருவரைப் பாடத்தை நிறுத்தாமல் எப்படி நிறுத்துகிறார்? பார்த்ததை அந்த 80 பக்க நோட்டில் இடது பக்கம் எழுதட்டும். வலது பக்கம் காலியாக இருக்கட்டும். நாளைக்குத் தன் வகுப்பில் அதைச் செய்து பார்த்த பிறகு என்ன ஆனது என்று அங்கே எழுதுவதற்கு.

தொடக்க வகுப்பு ஆசிரியர் என்றால் எண்ணும் எழுத்தும் (சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசுத் திட்டம்) வகுப்பு ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் உள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். கையேட்டைப் படித்தால் சுலபமாகத் தெரியும். ஒரு குழுவோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழுவும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும்.

பிரமாதமாக நடத்துகிறவர் வகுப்புக்கே அனுப்பாதீர்கள். போன வருடம் திணறி, இந்த வருடம் தேறியவர் வகுப்புக்கும் அனுப்புங்கள். அங்கேதான் அவர் எட்டிப் பிடிக்கக்கூடிய படி இருக்கும்.

6. அவர் வகுப்பில் நீங்கள் உட்காரும்போது

மூன்றாவது வாரத்துக்கு முன் போகாதீர்கள். அதற்கு முன் போனால் உங்கள் முகத்தைப் பார்த்து வகுப்பு அமைதியாகிவிடும், பி.எட். பயிற்சியில் நடந்த அதே ஏமாற்று திரும்பவும் நடக்கும்.

எந்த நாள், எந்தப் பாடவேளை, எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று முந்தைய நாளே சொல்லுங்கள். எதைப் பார்ப்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். "நான் கேள்வி கேட்டால் அதே ஐந்து பேர்தான் கை தூக்குகிறார்கள்" என்றால், நீங்கள் இருக்கை வரைபடத்தை வைத்துக்கொண்டு யார் யார் பேசினார்கள் என்று புள்ளி மட்டும் வையுங்கள். வேறெதையும் எழுதாதீர்கள். பாடவேளை முடிந்ததும் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். புள்ளிகளே பேசும். ஜன்னலோர வரிசையில் ஒரு புள்ளியும் இல்லை என்பதை அவரே பார்ப்பார்.

இப்போது நான் செய்த தவறு. ஒருவர் ஏழாம் வகுப்பில் முழு எண்கள் நடத்திக்கொண்டிருந்தார். கழித்தல் குறியில் ஒரு வரி தப்பிவிட்டது. கடைசி பெஞ்சில் இருந்த நான், பழக்கதோஷத்தில், "டீச்சர், மைனஸ்" என்று சொல்லிவிட்டேன். 40 தலை பின்னால் திரும்பியது. அவர் சிரித்துக்கொண்டே திருத்திவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவர் போட்ட கணக்கை என்னிடம் கொண்டுவந்து, "சரியா மிஸ்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நானே என் வகுப்பில் ஒரு தவறு செய்து, அவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்ன பிறகுதான் தணிந்தது. பாடத்தில் பிழை வந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும். அதையும் நோட்டுக் கொடுப்பதுபோலக் கொடுக்கலாம்.

பேச உட்காரும்போது முதல் கேள்வி, "எந்த இடத்தில் வகுப்பு உங்கள் கையை விட்டுப் போனது?" என்பதாக இருக்கட்டும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "பரவாயில்லை மேடம்" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

7. பாடக்குறிப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்

பயிற்சியில் எழுதிய பாடக்குறிப்பு ஒரு பாடத்துக்கு ஏழெட்டுப் பக்கம் வரும். இங்கே ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை. நடுராத்திரிவரை எழுதிவிட்டு, காலையில் அதைப் பார்த்தே படிக்கிறார்கள்.

பாடவேளை 40 நிமிடம் என்றால் நடத்தக் கிடைப்பது 28 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். மற்றது வகுப்பு மாறுவது, வருகை, "டீச்சர், பேனா மை தீர்ந்துவிட்டது", அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கை ஆகியவற்றுக்குப் போய்விடும். அந்த 28 நிமிடத்துக்கு மூன்று கேள்விக்கு விடை எழுதினால் போதும்: இன்றைக்குப் பிள்ளைகள் எதைச் செய்து காட்ட வேண்டும், எந்த இடத்தில் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், சீக்கிரம் முடித்தவர்களுக்கு என்ன வேலை. இரண்டாவது கேள்விக்குப் புதியவருக்கு விடை தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பின்னக் கூட்டலில் பகுதியையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள் என்பது உங்களுக்கு உறக்கத்திலும் தெரியும். அவருக்குத் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். ஆய்வுக்குக் காட்ட வேண்டிய படிவத்தை இதிலிருந்து பெருக்கி எழுதிக்கொள்ளலாம்.

8. சத்தம், கம்பு, குரல்

"இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடிதான் பாஷை" என்று ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் புதியவர் காதில் போடுவார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, அப்பாவின் தொழிலைச் சொல்லித் திட்டுவது எல்லாம் இதில் அடங்கும். வேலை போகும் என்ற பயத்தை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். வியாசர்பாடியில் மாலையில் கால்பந்து மைதானத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் அடங்காதவன் என்று பெயர் வாங்கியவன் அங்கே ஒரு விசிலுக்கு நிற்பான். அங்கே விதி தினமும் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒன்றுதான்.

வகுப்பு விதி மூன்றுக்கு மேல் வேண்டாம். மீறினால் என்ன என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், சின்னதாகவும் இருக்க வேண்டும்: இடைவேளையில் இரண்டு நிமிடம் தங்கிப் பேசிவிட்டுப் போவது, விட்ட வேலையை முடித்துவிட்டுப் போவது. புதியவர் செய்யும் தவறு, திங்கட்கிழமை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை வெடிப்பது. பிள்ளைகளுக்கு அது அநியாயமாகத்தான் படும், படுவதும் சரிதான்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது வாரத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தொண்டை கட்டிவிடும். லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தாமல், கைதட்டி அழைக்கும் ஒரு தாளம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

9. பிள்ளையின் வீட்டு நேரத்தைத் தெரிந்துகொள்ள வையுங்கள்

ஒரு புதியவர் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் குறிப்பேட்டில் மூன்று நாள் தொடர்ந்து, "வகுப்பில் தூங்குகிறான்" என்று எழுதியிருந்தார். அவன் அம்மா கூடையில் மீன் விற்பவர். விடியும் முன்பே காசிமேட்டு ஏலத்துக்கு அவனும் கூடப் போய்க் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அங்கிருந்து நேராகப் பள்ளி. குறிப்பேட்டில் எழுதியதைப் படித்துக் காட்ட அந்த வீட்டில் ஆளும் இல்லை. விஷயம் தெரிந்த பிறகு அந்த ஆசிரியர் கணக்கை மதியத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார், அம்மாவிடமும் பேசினோம். வாரத்தில் இரண்டு நாள் அவன் போவது நின்றது. முழுதாக நிற்கவில்லை.

இந்த மாதிரி விஷயங்களை ஒரு பட்டியலாகச் சொல்லித் தர முடியாது. ஆனால் பகுதியின் நாள்காட்டியைச் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி திறப்பது அதன் கடைசி நாட்களில். கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் நேரம். ஜியோமெட்ரி பாக்ஸ் நாளைக்கே வேண்டும் என்று அந்த வாரத்தில் சொன்னால் பிள்ளை பள்ளிக்கு வராமல் இருந்துவிடும். பொருள் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வியை ஜூலைக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பது இன்னொரு தவறு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகும். அந்தக் கோபம் ராத்திரி யார் மேல் இறங்கும் என்று யோசிக்க வேண்டும். சாயங்காலம் நீங்களும் புதியவரும் சேர்ந்து வீட்டுக்குப் போங்கள். முதல்முறை நல்ல செய்தியோடு போங்கள். "உங்கள் பெண் நன்றாகப் படம் வரைகிறாள் அம்மா" என்று சொல்லத்தான் டீச்சர் வந்தார் என்றால், அடுத்த முறை குறை சொல்லப் போகும்போதும் கதவு திறக்கும்.

பேச்சு வழக்கைத் திருத்துவதில் நிதானம் வேண்டும். "நாஸ்தா சாப்பிட்டேன்" என்கிற பிள்ளையிடம், அது தப்பு, "காலை உணவு" என்று சொல்ல வேண்டும் என்று முதல் வாரமே பாடம் எடுத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். எழுத்தில் திருத்துங்கள், பேச்சை ஓடவிடுங்கள்.

10. பிள்ளை ஒரு ரகசியம் சொன்னால்

புதியவரிடம்தான் பிள்ளைகள் இதைச் சொல்வார்கள். வயது குறைவு, முகம் புதிது. அதனால் முதல் மாதத்துக்குள்ளேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. துருவித் துருவிக் கேட்கக்கூடாது. சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே அன்றே எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர் அறையில் பேசக்கூடாது. பாலியல் கொடுமை என்ற சந்தேகம் இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தலைமையாசிரியரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098. புதியவரைத் தனியாக விடாமல் கூடவே நில்லுங்கள்.

11. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை

காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்திய பிறகு ஒரு நாள் வந்து, "மேடம், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்பார். எனக்கு 11 பேரில் எட்டுப் பேர் சொன்னார்கள். மூன்று மாதம் நடத்தியது தாளில் இல்லை என்று முதன்முறையாகப் பார்க்கிற அதிர்ச்சி அது. ஆறுதல் சொல்வதை விட, ஜூன் மாதத் தாளையும் இதையும் பக்கத்தில் வைத்து ஐந்து பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்க்க வையுங்கள். மதிப்பெண்ணில் தெரியாத நகர்வு அங்கே தெரியும். அந்த நாளுக்காகவே ஜூனில் ஐந்து தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

அதே நேரத்தில் மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பாதி வகுப்பு வராது. வந்த பாதிக்குப் புதுப் பாடம் நடத்தினால் திரும்ப நடத்த வேண்டிவரும். மழைநாளுக்கென்று பழைய பாடத்திலிருந்து ஐந்தாறு தனி வேலைகளைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பள்ளி திறந்த முதல் நாள், எங்களில் பலர் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க ஓடினோம். அந்த வருடம் புதிதாக வந்திருந்தவர் மட்டும் முதல் பாடவேளை முழுக்க யார் வீட்டில் எது நனைந்தது, யாருக்குப் புத்தகம் இல்லை என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். மதியம் தலைமையாசிரியர் அந்த விவரத்தைக் கேட்டபோது அவரிடம் மட்டும்தான் பட்டியல் இருந்தது.

12. விலகிக்கொள்வது

பொங்கலுக்குப் பிறகு வாராந்தரச் சந்திப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லாமல், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். இப்போது உங்கள் வகுப்புக்கு அவர் வந்து புள்ளி வைக்கட்டும். போன வருடம் வந்தவர் என் வகுப்பில் வைத்த புள்ளிகளைப் பார்த்தபோது, பெண்கள் பக்கம் நான் பாதிக் கேள்விகூடக் கேட்பதில்லை என்று தெரிந்தது.

ஏப்ரலில், பள்ளி மூடும் முன், அந்த 80 பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்து வருகிறவருக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம். என் அலமாரியில் இப்படிச் சில நோட்டுகள் இருக்கின்றன. ஜூனில் வருகிறவர் கையில் முதலில் அவற்றைத்தான் கொடுக்கிறேன். ஒன்றில் இப்படி இருக்கிறது: "மாடி அறையில் இடது மின்விசிறி ஓடாது. மணி கேட்காது, எதிர் வகுப்பு எழுந்தால் முடித்துவிடுங்கள். மூன்றாவது பெஞ்சுப் பையன் தூங்கினால் எழுப்பாதீர்கள், பத்து நிமிடத்தில் அவனே எழுந்துவிடுவான்."